குசினிச் சுவரில் அடைத்த மாடம்

சண்டைக்குப் பயந்து வற்றாப்பளையில் உறவினர் வீட்டில் சில மாதங்கள் ஒதுங்கியிருந்துவிட்டு, எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒருநாள் உருத்திரபுரத்துக்குத் திரும்பினோம். வீடு நின்றது. சமைக்கிற குசினிதான் மோசம். கூரையின் ஒரு பக்கம் இடிந்து ஓடுகள் சுவரோடு குவிந்து கிடந்தன. சுவரெங்கும் துப்பாக்கிச் சன்னம் பட்ட குழிகள். நடுவில் ஓரிடம் வயிறு தள்ளியதுபோல் வீங்கியிருந்தது. நாங்கள் இல்லாத காலத்தில் யாரோ அங்கே தங்கிப் போயிருந்தார்கள் என்பது அடுப்புச் சாம்பலைப் பார்த்தபோது தெரிந்தது. யார் என்று நாங்களும் கேட்கவில்லை, அயலவரும் சொல்லவில்லை.

வவுனியாவில் என் கணவருக்குத் தெரிந்த ஒருவர் கடையை மூடிவிட்டுப் போகும்போது மிச்சமிருந்த வெள்ளை மாபிள் கற்களை இவரிடம் தருவதாகச் சொல்லியிருந்தார். உடைந்த சுவரைத் திருத்துகிற கையோடு அவற்றை அடுப்பங்கரையில் பதிக்கலாம் என்று எனக்கு ஆசை. கணவர் கற்களை எடுத்துவரப் போனார். சுவரைத் தயார்செய்ய ஒரு மேசன் வந்தார். மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து எங்கள் ஊரில் குடியேறியவர். நான் அவரை அண்ணை என்பேன்.

அவர் சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார். பொக்கென்று சத்தம் வந்த இடங்களிலெல்லாம் கரிக்கட்டியால் வட்டம் போட்டார்.

"பழைய பூச்சு விட்டுப்போச்சும்மா. இதுமேல கல்லை ஒட்டினா கல்லோட சேர்ந்து கழண்டு விழும். உதிர்றத எல்லாம் தட்டிட்டு, மேடு பள்ளத்தைச் சரிபண்ணித்தான் ஒட்டணும்."

நான் ஓட்டுக் குவியலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தேன். குவியலுக்குப் பின்னால் இருந்த இடத்தில் அவர் தட்டியதும் சத்தம் வேறு விதமாக வந்தது.

"இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே உப்பு முட்டி வைக்கிற மாடம் ஒன்று இருந்தது. இப்போது அது இல்லை. யாரோ அடைத்துப் பூசி, மேலே கரியும் தடவியிருந்தார்கள்.

உளியை வைத்து இரண்டு அடி அடித்தார். பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே சாக்குத் துண்டு தெரிந்தது. விரலால் அதை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். கோத்த மாலைபோல் துப்பாக்கி ரவைகள். அவற்றின் மேல் இரண்டு கைக்குண்டுகள்.

மேசன் பூசுகிற சாந்தகப்பையையும் சுத்தியலையும் பைக்குள் போட்டார்.

"அண்ணை, என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ."

"எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கும்மா."

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் வாய்க்கால் தெருவில் ட்ரக் சத்தம் கேட்டது. பக்கத்து வளவில் யாரோ "ரவுண்டப், ஆமி சுத்தி வளைச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். மேசன் திரும்பி உள்ளே வந்தார். பையோடு தெருவில் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கல்துண்டுகளை மாடத்து வாயில் அடுக்கி, சன்னக் குழிகளை அடைக்கவென்று குழைத்து வைத்திருந்த கலவையை அள்ளி அப்பினார். பூசிய இடம் மட்டும் ஈரமாக, கறுப்பாகத் தெரிந்தது. வாளித் தண்ணீரை எடுத்துச் சுவர் முழுவதும் வீசி ஊற்றினேன். மறு வாளியும் ஊற்றினேன். அவர் விளங்கிக்கொண்டு மற்றக் குழிகளிலும் கலவையை அப்பத் தொடங்கினார்.

மூன்று ஆமிக்காரர் உள்ளே வந்தார்கள். ஒருவன் துவக்கு முனையால் சுவரின் வீங்கிய பகுதியைக் குத்தினான். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மாடம் அங்கிருந்து ஒரு முழம்தான்.

"ஏன் தண்ணி?" என்றான்.

"பூசறதுக்கு முன்னாடி சுவத்த நனைக்கணுங்க. இல்லாட்டிப் பிடிக்காது," என்றார் மேசன்.

அவன் என்னைப் பார்த்துக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். செம்பை நீட்டினேன். பாதித் தண்ணீர் என் காலில் சிந்தியது.

"பயமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்," என்றேன்.

அவன் குடித்துவிட்டுச் செம்பைத் தரையில் வைத்தான். போனார்கள்.

மேசன் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போனார். பின்னேரம் கற்களோடு வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைத் தொடவே இல்லை.

"எடுத்துக் குளத்துக்க போட்டால், வைச்சவங்கள் வந்து கேப்பாங்கள். ஆமியிட்டக் குடுத்தால் அவங்கள் வேற கேள்வி கேப்பாங்கள்," என்றார். "நீர் கொஞ்ச நாளைக்கு வெளியில சமையும்."

முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தேன். மழை வந்தால் பட்டினி. குசினிப் பக்கம் பூனை பாய்ந்தாலும் அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பிவிடுவேன்.

ஒருநாள் காலை இரண்டு இயக்கப் பெடியள் சைக்கிளில் வந்தார்கள். "அக்கா, குசினிக்க ஒரு சின்ன வேலை இருக்கு," என்றான் ஒருவன். நான் விலகி நின்றேன். தேடாமல் நேரே மாடத்துக்குப் போய் உடைத்தார்கள். சாக்கோடு எல்லாவற்றையும் உரப்பை ஒன்றுக்குள் வைத்துக் கட்டினார்கள்.

"சுவரைக் கெடுத்துப்போட்டம், குறை நினையாதேங்கோ."

"தம்பி, வேற இடத்திலயும் வைச்சிருக்கிறியளோ?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எனக்குத் தெரிஞ்சு இல்லை, அக்கா."

அவர்கள் போன பிறகுதான் அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. அவனுக்குத் தெரியாமல் வேறொருவன் வைத்திருந்தால்?

மேசனின் வீட்டுக்கு நானே போய்க் கேட்டேன். வர மறுத்தார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "பாவம், ஒரு பொம்பள வந்து கேக்குது," என்றார். என் கணவரும் கூட நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மறுநாள் வந்தார். குசினிச் சுவரின் பூச்சை ஒரு விரல் இடம் மிச்சமில்லாமல் செங்கல் தெரியத் தட்டி விழுத்தினார். நூல் பிடித்து, வீக்கத்தைச் செதுக்கி, பள்ளங்களை நிரப்பி, கரகரப்பாகப் பூசிக் காயவிட்டு, பிறகு கற்களைப் பதித்தார். அழகாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் அவருடைய சுத்தியலை வாங்கிக்கொண்டு நான் அறைக்குள் போனேன். கட்டிலை இழுத்துவிட்டுச் சுவரைத் தட்டினேன். கெட்டியான சத்தம். அடுத்த சுவர். அதற்கடுத்தது.

"காணும், விடும், இவ்வளவு தட்டினது போதும்," என்றார் கணவர்.

எனக்குக் காணவில்லை. விறாந்தைச் சுவரையும் தட்டத் தொடங்கினேன்.