கூப்பிட்டால் திரும்பாத குழந்தை

"கூப்பிடறது காதுல விழலையாடி?"

குதிரைச் சாட்டை அய்சுலுவின் முதுகில் மறுபடியும் இறங்கியது. ஐந்து வயதுக் குழந்தை வீல் என்று அலறினாள். எதற்காக அடி விழுகிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் நின்று புருல் அதைப் பார்த்தாள். அடிப்பவன் அவளுடைய சொந்த அண்ணன் ஜோல்தோஷ்.

மலையூர்க் குழந்தைகளின் காது, மூக்கு, தொண்டை நோய்களை ஆராயும் ஓஷ் நகர மருத்துவர்களுக்காக, கையில் சிறு விளக்கோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள் புருல். தொட்டிலில் கைகால் கட்டிக் கிடக்கும் பிள்ளையை அவிழ்க்காமல், தாய் மேலே குனிந்து பால் கொடுப்பது அங்கே வழக்கம். மல்லாந்து குடிக்கும் பால் காதுக்குள் இறங்கித்தான் சீழ் பிடிக்கிறதா? அதைத்தான் அவர்கள் தேடினார்கள். ஊரெல்லாம் காது பார்த்தவளைப் பிறந்த வீடு மட்டும் உள்ளே விடவில்லை.

இன்று அவளே நுழைந்துவிட்டாள்.

"திமிர் இல்லேண்ணே! அவளுக்குக் காது கேக்கல. காதுக்குப் பின்னாடி பாரு, எப்படி வீங்கியிருக்கு!"

"வந்துட்டாங்க பெரிய டாக்டரம்மா! என் பொண்ணுக்குச் செவிடுன்னு பேர் வாங்கிக் குடுக்கவா? ஆட்டு வால் கொழுப்பைக் காய்ச்சி ஊத்தியிருக்கேன். தானா வடியும்."

"காய்ச்சி ஊத்தினியா? பாவி!"

குழந்தையை வாரியெடுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. சாட்டை புருலின் கன்னத்தைக் கிழித்தது. அவள் விடவில்லை. பின்னலைப் பிடித்து இழுத்து அவளைச் சுவரில் மோதினான். வாயில் ரத்தம் கரித்தது.

அப்போது அடுப்படியிலிருந்து அண்ணி ரக்கியா வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் எதிரே வாய் திறக்காதவள். கையிலிருந்த இரும்புக் கம்பியை ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

"ஓடு புருல், தூக்கிட்டு ஓடு! கட்டிப்போட்டுப் பால் குடுத்தவ நான்தான். இனிமே இவளைச் சாக விடமாட்டேன்!"

அண்ணனின் குதிரையிலேயே புருல் பறந்தாள்.

ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னாலிருந்த எலும்பைக் குடைந்து சீழெடுத்தார்கள். இடது காது கேட்காமலே போய்விட்டது. வலது காதாவது பிழைக்குமா என்று பெரிய டாக்டருக்கே நிச்சயமில்லை.

சில நாள் கழித்து, கையில் மாவுக்கட்டோடு ஜோல்தோஷ் வந்தான். மகள் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவருகிலேயே நின்று கூப்பிட்டான்.

"அய்சுலு... கண்ணு..."

குழந்தை சட்டென்று திரும்பினாள்! புருலுக்குக் கண்கள் நிறைந்தன.

மகளின் தலையைத் தடவ அவன் நல்ல கையை உயர்த்தினான்.

அய்சுலு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கட்டிலில் சுருண்டாள்.