தாழ்ப்பாளுக்கு இரண்டு கை வேண்டும்

காத்தான்குடியில் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு றிஷாட்டுக்கு நிக்காஹ். வாசலெல்லாம் பந்தல், வீடெல்லாம் அத்தர் மணம், றிஷாட்டின் நெஞ்சுக்குள்ளோ றபான் மேளம் அடித்தது!

இருபத்திரண்டு வயது. ஆட்டோ கராஜில் வேலை. ஒரு வருடத்துக்கு முன் ஐஸ் போதைப் பழக்கத்தில் விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்தவன். மணப்பெண் நஸ்ஹா அவனுக்காகக் காத்திருந்தாள். ஆனால் இன்னொரு முறை தொட்டால் கல்யாணம் இல்லை என்று கண்ணீரோடு சொல்லியிருந்தாள்.

ஆலோசனை நிலையத்தில் தக்ஷாயினி மிஸ் அவனுக்கு விளக்கியிருந்தார். இந்த வயதில் மூளையில் ஆசையைக் கிளப்பும் பகுதி முந்திக்கொள்ளுமாம். பின்விளைவை யோசித்து நிறுத்தும் முன்பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். கூட்டாளிமார் சுற்றி நின்றால் நிறுத்துவது இன்னும் கடினம். மனம் அமைதியாக இருக்கும்போதே வழி செய்துவை என்றார்.

றிஷாட் பயந்தது ஒன்றுக்குத்தான். அவர்கள் தெருவில் மாப்பிள்ளைக்குக் கூட்டாளிமார்தான் உடுத்திவிடுவார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு. பெண்வீட்டார் அழைக்க வருவது அதற்குப் பிறகுதான். அதனால் உடுத்தும்போதே வந்துவிடும்படி அவன் நஸ்ஹாவின் நானாவை, அவள் அண்ணன் அப்ஹாமை, கேட்டிருந்தான். முறை தெரியாதவர்கள் என்று ஊர் சிரிக்கும் என அப்ஹாம் கோபித்துப் போனை வைத்துவிட்டான்.

இப்போது கதவு பூட்டியாகிவிட்டது. ஐஸ் நாள்களின் கூட்டாளி ஸஜான் ஒரு போதைக் குளிசையை அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"பயப்படுறாய் பாரு மாப்பிள்ள. இதப் போட்டா சிங்கம் மாதிரி போவாய். இண்டைக்கு மட்டும்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். றிஷாட்டும் சிரித்தான். ஐயோ, நஸ்ஹாவின் முகம்கூட அந்த நொடியில் மங்கிப்போனதே! கை உதட்டை நெருங்கியது.

கதவு தட்டப்பட்டது.

"மச்சான், நான் அப்ஹாம். தங்கச்சி அழுது அனுப்பினவள். ஊர் சிரிக்கட்டும். திறங்க."

திறக்காதே என்று ஸஜான் கண்ணைக் காட்டினான். றிஷாட் எழுந்து போனான். மழையில் ஊறித் தடித்த பழைய மரத் தாழ்ப்பாள் அது. ஒரு கையால் அழுத்தி, மறுகையால் இழுத்தால்தான் வரும். அவனது ஒரு கையிலோ குளிசை இருந்தது. பிறகு உள்ளங்கையை விரித்தான். குளிசை உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

இரண்டு கையாலும் இழுத்தான்.

வாசலில் மாப்பிள்ளைத் தொப்பியோடு நின்ற அப்ஹாமைக் கண்டதும் றிஷாட் சிரித்துக்கொண்டே அழுதான்.

"உடுத்திவிடுங்க மச்சான்," என்றான். "கதவு திறந்தே கிடக்கட்டும்."