வளைவுகளுக்காகக் காத்திருந்த வயிறு

எங்கள் மலையில் பயணம் என்றால் வெறும் வயிறு. தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிவார ஊரான தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. அதனால் புறப்படும் நாளில் பிள்ளைகளுக்குப் பால்கூடக் கொடுக்க மாட்டோம். வாயில் அடக்கிக்கொள்ள ஓர் அசாம்போய், அதாவது உப்பிட்டுக் காயவைத்த புளிப்புப் பழம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அடிவாரம் வந்த பிறகுதான் சாப்பாடு. என் அம்மா என்னை அப்படித்தான் கூட்டிப்போனார். நானும் என் மகளை அப்படித்தான் கூட்டிப்போகிறேன்.

கடல் தாண்டி இந்தியா வந்து, சென்னையில் டில்லி ரயில் ஏறிய காலையிலும் அப்படித்தான் செய்தேன்.

என் கணவர் எங்கள் மலையூரான திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். தான் ஓட்டாத ஒரு வண்டியில், முதுகுப்பையோடு ஏறி, ஒரு பெரிய நாட்டை உட்கார்ந்தபடியே கடக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டில்லிக்குப் பிறகு கிழக்கே திரும்பி, தேயிலை சமநிலத்தில் விளையும் ஊர்வரை போவதாகத் திட்டம். தேயிலை சரிவில் நிற்காமல் எப்படி நிற்கும்? அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் மகளுக்கு மூன்று வயது. நானோ பாலர் பள்ளி ஆசிரியை. அடுத்தவர் பிள்ளை தும்மினாலே பதறுகிறவள். ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தேன். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால், அது எந்த ஊராக இருந்தாலும் இறங்கி, விமானம் பிடித்து வீடு திரும்பிவிட வேண்டும்.

வெளியே நிலம் தட்டையாகக் கிடந்தது. தொலைவில் ஒருவர் சைக்கிள் மிதித்துப் போனார். எங்கள் ஊரில் என்றால் அதற்குள் ஒரு சரிவோ பனிமூட்டமோ அவரை மறைத்திருக்கும். இங்கே அவர் மறையவே இல்லை, சின்னதாகிக்கொண்டே போனார். இப்படி ஒரு நிலத்தில் பிள்ளைகள் எப்படி ஒளிந்து விளையாடுவார்கள் என்று யோசித்தேன். வளைவுகள் எப்போது தொடங்கும் என்றும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் பால் கேட்டபோதெல்லாம் பழத்தைக் கொடுத்தேன்.

நண்பகலில் அவள் துவண்டு என் மடியில் சாய்ந்துவிட்டாள். கூப்பிட்டால் முனகினாள். நெற்றி சுட்டது. காய்ச்சலா, இல்லை என் கைதான் சில்லிட்டிருக்கிறதா? மறுகையால் தொட்டேன். அதிலும் தெரியவில்லை.

"அடுத்தது விஜயவாடா," என்றேன்.

அவர் இருக்கைக்கு அடியிலிருந்து பைகளை இழுத்து நடைவழியில் வைத்தார். ஜன்னலை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

எதிரே, ஜான்சியில் ராணுவத்தில் இருக்கும் கணவரிடம் போய்க்கொண்டிருந்த பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள். எலுமிச்சைச் சாத டப்பாவைத் திறந்தவள், எங்களைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

"அக்கா, பாப்பாவுக்கு ஒண்ணும் குடுக்கலையா? காலைலேர்ந்து பாக்குறேன், அந்தப் பழத்தையே வாயில திணிக்கிறீங்க."

"வளைவெல்லாம் முடியட்டும்னு இருக்கேன்."

"எந்த வளைவு?"

"பாதையில வருமில்ல? வயித்துல ஏதாச்சும் இருந்தா வாந்தி எடுத்துருவா."

அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு என் கணவரைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சாப்டீங்களா?"

"இல்லலா. வயித்தக் காலியா வச்சிருக்கேன். பழக்கம்."

"மூணு பேரும் விரதமா!" அவள் சிரித்த சிரிப்பில் மேல் படுக்கையில் தூங்கியவர் புரண்டு படுத்தார். "இந்த வண்டியில வாந்தி வரணும்னா நீங்களா எந்திரிச்சுச் சுத்தினாத்தான் உண்டு. அதுக்குப் பசியில பிள்ளையப் போட்டு வாட்டுறீங்களே!"

டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். எனக்குக் கை வரவில்லை. கொடுத்து வாந்தி எடுத்தால்? கொடுக்காமல் இது உண்மையிலேயே பசிதான் என்றால்? ஒரு வாய் கொடுத்துவிட்டு மகளின் முகத்தையே பார்த்தேன். மென்றாள். விழுங்கினாள். கண்ணைத் திறந்து டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கும் கொஞ்சம் வைங்கமா," என்றார் அவள் அப்பா.

கிருஷ்ணா நதிப் பாலம் தடதடத்தபோது மகள் எழுந்து நின்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். நெற்றி இப்போதும் அதே சூடுதான். அந்தப் பெட்டியில் எல்லோர் நெற்றியும் அப்படித்தான் இருந்திருக்கும்.

விஜயவாடாவில் ரயில் நின்றது. அவர் பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பையை உள்ள தள்ளுங்க," என்றேன். "நடக்குறவங்க கால்ல இடிக்குது."

அவர் தள்ளிய வேகத்தில் எதிர்ப்பெண்ணின் செருப்பும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

ஊரைத் தாண்டியதும், நான் காலையிலிருந்து காத்திருந்த வளைவு வந்தது. ஒன்றே ஒன்று. மிக நிதானமாக, அகலமாக வந்தது. எங்கள் மலையில் வளைவை வயிறுதான் அறியும். இங்கே கண்ணால் பார்க்க முடிந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே, எங்கள் ரயிலின் எஞ்சினே எங்களுக்கு முன்னால் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"பா, அது நம்ம வண்டியா? நம்ம இங்க இருக்கோமே!"

என் கை தானாகப் பிளாஸ்டிக் பையை எடுத்து விரித்தது. மகள் தன் வாயிலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்து அதற்குள் போட்டுவிட்டு, எஞ்சினைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.