பதினேழாம் எண் ஆட்டுக்கல்

எண்பதுகளின் கடைசியில், ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்பத்தூரில் லேத் பட்டறை, பூந்தமல்லியில் லாரி ஷெட் என்று சுற்றிவிட்டு அங்கே போய் ஒதுங்கியிருந்தேன். வேலை எளிது. மரம், பெஞ்சு, மின்கம்பம் என்று எதைக் கண்டாலும் வெள்ளை பெயின்டில் எண் போடவேண்டும். எண் இல்லாத பொருள் அந்தத் தொழிற்சாலை ஆட்களின் கண்ணை உறுத்தும். படுக்கை, குடியிருப்புக்காரர்கள் கூடும் மன்றத்தின் பின்னறையில். மழை பெய்தால் பெஞ்சின் மேல். சாப்பாடு கேட்டுக்கு வெளியே ஓர் அக்கா போட்டிருந்த இட்லிக் கடையில்.

அந்த வருஷம் மன்றத்தில் ‘நம் ஊரின் பழமை’ என்று கண்காட்சி வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பழைய பொருள் கொடுக்கச் சொன்னார்கள். மதுரைக்காரர் வெற்றிலைப் பெட்டி கொடுத்தார். தர்மபுரிக்காரர் மாட்டுச் சலங்கை கொடுத்தார். நாகர்கோவிலிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒரு மரத் தொட்டிலைத் தூக்கிவந்தது. எல்லாம் அருமையான பொருட்கள். ஆனால் ‘நம் ஊர்’ என்ற பேனருக்குக் கீழே ஒன்றுகூட அந்த ஊருடையதில்லை. அங்கே எல்லோருமே வந்தவர்கள்.

மன்றச் செயலாளர் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர், திருநெல்வேலிக்காரர். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இட்லிக்கார அக்காகிட்ட ஒரு ஆட்டுக்கல் கீது சார். அவங்க இந்த மண்ணுக்காரங்க. ஃபேக்டரி வர்றதுக்கு முன்னாடியே இருந்த கல்லு.”

“அதைக் கொண்டாரும்வே!” என்று துள்ளி எழுந்தார்.

அக்கா லேசில் மசியவில்லை.

“கல்ல குட்த்துட்டு நா இன்னாத்துல அரைக்கிறது? ஒன் தலையிலயா?”

“ஞாயித்துக்கெயம ஒரே நாளுக்கா. சாயங்காலம் கொண்டாந்துடறேன்.”

“வரலன்னா?”

“என்னப் போட்டு அரை.”

மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். செயலாளர் சொன்னபடி கல்லுக்கு 17, குழவிக்கு 17ஏ என்று நானே எழுதினேன். கூட்டம் அந்தக் கல்லைச் சுற்றித்தான் நின்றது. வீட்டில் கிரைண்டர் வைத்திருந்த பெண்கள் அதைக் கோயிலில் சுற்றுவதுபோலச் சுற்றினார்கள்.

சாயங்காலம் வண்டியோடு போனேன். செயலாளர் கையை நீட்டி மறித்தார். கண்காட்சியை நிரந்தரமாகவே வைத்துவிடத் தீர்மானமாம்.

“நம்பர் போட்ட சாமான் வெளிய போகாதுவே.”

“நம்பர் போட்டதே நான்தானே சார்?”

“யார் போட்டா என்ன? ரெஜிஸ்டர்ல ஏறிட்டுல்லா!”

திங்கள் கடை இல்லை. செவ்வாயும் இல்லை. அடுப்பைப் பார்த்தபடி அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. என் வயிறும் இரண்டு நாளாகக் காலிதான். அது பழகிய விஷயம்.

“இன்னா நைனா, அரைக்கலாமா ஒன்ன?” என்றாள். சிரிக்கவில்லை.

ஸ்டோர்ஸ்காரரிடம் கெஞ்சிப் பயனில்லை. அவருக்குத் தெரிந்த பாஷையில் பேசவேண்டும். அந்தத் தொழிற்சாலையில் தேய்ந்த சாமானைக் ‘கண்டம்’ பண்ணுவார்கள். மூன்று பேர் பார்த்து, இனி உதவாது என்று கையெழுத்துப் போட்டால் அது கேட்டைத் தாண்டலாம்.

புதன் காலை முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு போனேன். “சார், பதினேழாம் நம்பர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. கவனிச்சீங்களா?”

அவர் முகம் மாறியது. ஸ்கேலோடு வந்து கல்லின் குழியை அளந்தார். இரண்டு உறுப்பினர்களைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். மூன்று தலைமுறை மாவாட்டிய தேய்மானம் அது, நன்றாகவே தெரிந்தது.

“தேஞ்ச சாமானையா வாங்கி வச்சிருக்கோம்? வெக்கக்கேடுவே! கண்டம் பண்ணுங்க.”

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டதும் குழவிக்குத் தனிச் சீட்டு கேட்டேன். அதையும் கொடுத்தார். சிவப்பு பெயின்டில் கல்லின் மேல் பெருக்கல் குறி போட்டு வண்டியில் ஏற்றினேன்.

அக்கா அந்தச் சிவப்புக் குறியைத் தடவினாள். “இன்னா இது?”

“ஒன் கல்லு வேலைக்கு ஆவாதுன்னு மூணு பேரு கையெழுத்துப் போட்டுக் கீறாங்கக்கா.”

அவள் மூன்று பேரையும், கடைசியில் என்னையும் சேர்த்துத் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டே அரிசியை ஊறப்போட்டாள்.

மறுநாள் செயலாளர் வழக்கம்போல வந்து நின்றபடியே ஆறு இட்லி சாப்பிட்டார். “புதுக் கல்லாம்மா? மாவு நல்லாப் பொங்கியிருக்கே!”

“அத்தே கல்லுதான் சார். நீ கண்டம் பண்ணியே, அது.”

அவர் கை பாதியில் நின்றது. பிறகு தட்டை நீட்டி இன்னும் இரண்டு கேட்டார்.

மன்றத்தில் பதினேழாம் இடம் காலியாக இருப்பது அவரை உறுத்தியது. ஓர் அட்டையில் எழுதி அங்கே வைக்கச் சொன்னார், எழுதினேன்: ‘17, 17ஏ. கண்டம்.’ நான் அங்கிருந்து கிளம்பும்வரை ‘நம் ஊரின் பழமை’யில் அந்த ஊருக்கென்று இருந்தது அந்த அட்டையும் அதன் கீழே வெறும் தரையும்தான். பார்க்க வந்தவர்கள் அங்கேயும் நின்று, குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.