பெருச்சாளிக்கு வந்த எலிக்காய்ச்சல்

சாக்கடை அடைப்பு எடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எவ்வளவு குறுகலான குழியானாலும் நுழைந்துவிடுவான் என்பதால் ‘பெருச்சாளி’ என்று பேர் விழுந்தது. அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டான். “வால் மட்டுந்தான் இல்ல” என்று சிரிப்பான்.

ஒருமுறை நெஞ்சுச்சளி முற்றி மூச்சுத் திணறியபோது டாக்டரம்மா காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்.

“இது பலவிதக் கிருமிகளுக்குக் கேக்கும். கிருமி வளர புரதம் வேணும், அதைச் செய்யவிடாம முடக்கிடும். நெஞ்சுச்சளி, சில தோல் புண்ணு, எலிக்காய்ச்சல், எல்லாத்துக்கும் குடுப்போம். ஆனா ஜலதோஷம் வைரஸால வர்றது, அதுக்குக் கேக்காது. குணமாயிட்டாலும் குடுத்ததை முழுசா சாப்பிடணும்.”

அவன் காதில் முதல் வரிதான் ஏறியது. தேறியதும் மீதியை அலமாரியில் போட்டு வைத்தான். அதன்பின் வீட்டில் யார் தும்மினாலும் ஒரு காப்ஸ்யூல். ஜலதோஷம் தானாகவே போகும். பேர் காப்ஸ்யூலுக்குப் போகும்.

பெருமழைக்குப் பிறகு ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், இடுப்பளவு தண்ணீரில் அவனும் மச்சானும் இறங்கி வேலை பார்த்தார்கள். பெருச்சாளியின் காலில் ஆறாத வெட்டு. அடுத்த வாரமே காய்ச்சல் அடித்தது. கெண்டைக்கால் தொடவிடாமல் வலித்தது.

“ஏங்க, டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்” என்றாள் மனைவி.

“எதுக்கு? மருந்துதான் வீட்லயே இருக்கே.”

மிச்சமிருந்த இரண்டை விழுங்கினான். கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கவே வேலைக்குக் கிளம்பிவிட்டான். பிறகு கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணி, புண்ணு வழியா ஏறியிருக்கு” என்றார் அங்கிருந்த டாக்டர். “ஊசியில மருந்து போகுது, கிருமியைக் கொன்னுடும். ஆனா சிறுநீரகமும் நுரையீரலும் ஏற்கெனவே கெட்டுப்போச்சும்மா.”

செயற்கைச் சுவாசக் குழாயோடேயே அவன் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மச்சானுக்கு உடம்பு கொதித்தது. “அழுத களைப்புதான்கா” என்றான். அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அதே காப்ஸ்யூல்தான். காய்ச்சல் விட்ட பிறகும் வேளை தவறாமல் தண்ணீரோடு எதிரே வந்து நின்றாள்.

“முழுங்கிட்டேன்கா.”

“நாக்கைத் தூக்கு.”

அவன் பிழைத்துக்கொண்டான்.

ஒருநாள் வாய்தவறி, “மாமாவையும் இப்படி இழுத்துட்டுப் போயிருக்கலாமேக்கா” என்றுவிட்டான்.

அவள் அரிந்துகொண்டிருந்த காயை அப்படியே போட்டுவிட்டுப் போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.