டீ மேஜையில் சேராது

எங்கள் ஊர் ஜெர்மனியின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் எம்டன். பெயரைக் கேட்டதும் யாரோ பெரிய எம்டனைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இது என் அப்பா ஹாப்போ ஃப்ரெரிக்ஸைப் பற்றியது. ஊர் நீச்சல் குளத்தில் காவலர். கழுத்தில் ஊதல், காலில் வெள்ளை ரப்பர் செருப்பு. அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கே யாரும் மூழ்கியதில்லை. அந்த ஊதலுக்குப் பயந்து யாரும் சந்தோஷமாகக் குதித்ததும் இல்லை. வீட்டில் நான் மாடிப்படியில் ஓடினாலும் அவர் கை தானாக நெஞ்சுக்குப் போகும், ஊதலைத் தேடி.

அம்மாவை அவர் சந்தித்ததும் ஊதலால்தான். இம்கே என்கிற இளம்பெண் கரையிலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதித்தாள். ஊதினார். அவள் மறுநாளும் வந்து அதேபோல் குதித்தாள். மூன்றாம் நாள் அவர் ஊதவில்லை. அவர் வாழ்க்கையில் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான். அதன் விளைவு நான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஹாப்போ, எனக்குப் போதும்."

அப்பா அவள் முன்னால் இருந்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"உருளைக்கிழங்கு இல்ல, ஹாப்போ."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் கிண்ணத்தைத் திரும்ப இழுக்கவில்லை. சண்டை இல்லை, தட்டு பறக்கவில்லை. வேறு ஆணோ வேறு பெண்ணோ இருந்திருந்தால்கூட எனக்கு வேடிக்கை பார்க்க ஏதாவது கிடைத்திருக்கும். "உன் அப்பா நல்ல மனுஷன்டீ, வீப்கே. நல்ல மனுஷன்கூட இருந்து இருந்து எனக்கு மரத்துப்போச்சு, அவ்வளவுதான்" என்றாள் அம்மா. மரத்துப்போன கால் என்றால் உதறிவிட்டால் சரியாகும். இது எங்கே உதறுவது?

கேட்ட கையோடு விவாகரத்து கிடைத்துவிடாது. முதலில் ஓராண்டு பிரிந்திருந்து காட்ட வேண்டும். வேறு வீடு கிடைக்காதவர்கள் ஒரே வீட்டிலும் பிரிந்திருக்கலாம். ஆனால் மேஜையும் படுக்கையும் தனித்தனியாக இருக்க வேண்டும். இவர் சட்டையை அவர் துவைக்கக் கூடாது, அவர் சமைத்ததை இவர் தொடக் கூடாது. எங்களுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை.

விதி என்று ஒன்று வந்துவிட்டால் அப்பாவைவிட ஒழுங்காக அதைக் காப்பவர் கிடையாது. பிரிய விரும்பாத மனிதர்தான் பிரிவினையை நடத்தினார். குளிர்சாதனப் பெட்டியின் நடுவே சிவப்பு நாடா ஒட்டினார், குளத்தில் ஆழப் பகுதியைப் பிரிக்கிற மாதிரி. இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் அவர். துணி துவைக்க ஆளுக்கொரு கிழமை. அவர் என் பழைய அறையில் படுத்தார். நான் பரணுக்குப் போனேன். வாரா வாரம் அந்த நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்தி ஒட்டினேன், அவருடைய ஊறுகாய் மீனுக்கு இடம் வேண்டுமே என்று. ஒருநாள் அளவுகோலோடு வந்து பழைய இடத்துக்கே கொண்டுபோனார். "எல்லை எல்லைதான்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை.

இப்படி ஒரு வருஷம். ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. டீ.

எங்கள் ஊர்ப் பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கு டீ குடிப்பதை யாரும் ஒரு செயலாகவே நினைப்பதில்லை, மூச்சு விடுவது மாதிரி. கோப்பையில் கற்கண்டு, அதன்மேல் சூடாக டீ, ஓரமாகப் பாலாடை, கலக்கக் கூடாது. மூன்று கோப்பை. அதற்குக் குறைந்தால் டீ கொடுத்தவருக்கு அவமானம். அம்மா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை அடுத்த தெருவில். மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அப்பா காலை முறை வேலை முடிந்து வந்திருப்பார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல், மூன்று கோப்பை குடிப்பார்கள். பிறகு அவள் கடைக்கு, இவர் நாடாவுக்கு வலப்பக்கம்.

ஆண்டு முடியும் தறுவாயில் அம்மா வக்கீல் பிடித்தாள். லெய்ட்னர் மேடம், தெற்குக் கோடி பவேரியாவிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். முதல் நாள் அப்பாவும் கூடப் போனார், இஸ்திரி போட்ட சட்டையில். எனக்கும் அன்று பள்ளிக்கூடம் போகத் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவளுக்கு ஒருநாள் விடுப்பு எடுக்கும் அனுபவம் உண்டு.

"எங்க வக்கீலைப் பாக்க வந்தோம்" என்றார் அப்பா.

லெய்ட்னர் மேடம் பேனாவை மூடினார். "மிஸ்டர் ஃப்ரெரிக்ஸ், ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வக்கீல்னு கிடையாது. நான் உங்க மனைவிக்கு மட்டும்தான்."

"சண்டையே இல்லையே, மேடம்."

"சண்டை இல்லைன்னாலும். கோர்ட்டுல நீங்க வக்கீல் இல்லாமலே வரலாம். சரின்னு சொல்லலாம், மாட்டேன்னும் சொல்லலாம். நீங்களா ஏதாவது கேட்டு மனு போடணும்னாத்தான் வக்கீல் வேணும். நீங்க மாட்டேன்னு சொன்னா இது இழுக்கும். சரின்னு சொன்னா சட்டுனு முடிஞ்சிடும்."

"இவர் சரின்னுதான் சொல்வார்" என்றாள் அம்மா.

அப்பா சட்டைக் கையின் இஸ்திரி மடிப்பை நீவிக்கொண்டார்.

"பிரிவு ஆண்டு ஒழுங்கா இருந்தீங்களா? சமையல், துவையல், எல்லாம் தனியா?"

"தனிதான். நாடா போட்டிருக்கேன்."

"ஒண்ணா எதுவுமே சாப்பிடலையே?"

"இல்ல. டீ மட்டும்."

பேனா மறுபடி திறந்தது. "எத்தனை தடவை?"

"தினமும்" என்றார் அப்பா. "மூணு கோப்பை."

"தினமுமா? ஒரே மேஜையிலயா?"

"டீயை வேற எங்க குடிப்பாங்க?" என்று கேட்டாள் அம்மா, நிஜமாகவே புரியாமல்.

லெய்ட்னர் மேடத்தின் முகம் மாறிவிட்டது. ஒரு பிடிவாதக்கார நீதிபதி கையில் சிக்கினால், பிரிந்தே இருக்கவில்லை, ஆண்டை முதலிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டாம். இனிமேல் டீ தனித்தனியாக. கேட்டால் ஒழிய வாயைத் திறக்க வேண்டாம்.

அன்றிலிருந்து அம்மா மூன்று மணிக்குக் கடையிலேயே காகிதக் கோப்பையில் குடித்தாள். அப்பா மட்டும் வீட்டு மேஜையில். ஆனால் வக்கீல் அறையிலிருந்து வரும்போதே நான் பார்த்துவிட்டேன், அவர் முகத்தில் ஒன்று ஏறியிருந்தது. சொல்லத் தெரியாத மனிதர். குளத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"அப்பா, உனக்கு இந்த விவாகரத்து வேணுமா, வேண்டாமா?"

"என்கிட்ட யாரும் கேக்கலையே."

"நான் கேக்கறேன்ல?"

அவர் சோதனைக் குழாயைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "டீ கணக்குல வந்தா நாங்க பிரியவே இல்லைன்னு ஆகுது, இல்லையா?"

"உனக்குன்னு ஒரு வக்கீல் வெச்சுக்கோ. அவர் அடிச்சுப் பேசுவார்."

"அடிச்செல்லாம் பேச வேண்டாம். நீதிபதி அம்மா கேட்டா உண்மையைச் சொல்லப்போறேன். அது போதும்."

அம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. "பாழாப்போன டீ" என்று கழுவுதொட்டியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஓல்டன்பர்க்கில் அவளுக்கு வேறு வேலை ஏற்பாடாகியிருந்தது. இன்னொரு வருஷம் நாடாவோடு இருக்க அவளால் முடியாது.

குடும்ப வழக்குக்கு வெளியாரை உள்ளே விடமாட்டார்கள், பெற்ற மகளே ஆனாலும். நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே நடந்தது பிற்பாடு அம்மா சொன்னது.

நீதிபதி எங்கள் ஊர்ப் பக்கமே பிறந்து வளர்ந்த பெண்மணி. மேஜையும் படுக்கையும் தனியா என்று கேட்டாராம். அம்மா ஆமாம் என்றாள். அப்பா எழுந்து நின்று, "ஒண்ணு சொல்லணும். டீ ஒண்ணாதான் குடிச்சோம்" என்றார்.

லெய்ட்னர் மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தனை கோப்பை?" என்றார் நீதிபதி.

"மூணு."

"மூணுதானே? உக்காருங்க, மிஸ்டர் ஃப்ரெரிக்ஸ். டீ மேஜையில சேராது. சேர்த்தா இந்த மாவட்டத்துல ஒருத்தருக்கும் விவாகரத்து கிடைக்காது."

லெய்ட்னர் மேடம் சிரித்தாராம். நீதிபதியும். அப்பா உட்கார்ந்தார். அவ்வளவுதான், அவர் இவ்வளவு நாள் பொத்தி வைத்திருந்தது ஒரு சிரிப்பில் போயிற்று.

பிறகு அவரிடம் கேட்டார்கள்: திருமணம் முறிந்துவிட்டது என்று நீங்களும் கருதுகிறீர்களா? ஜன்னலைப் பார்த்தபடி, "அவளுக்கு முறிஞ்சுபோச்சுன்னா முறிஞ்சுதானே இருக்கணும். சரி" என்றார்.

நீதிபதி அங்கேயே விவாகரத்துத் தீர்ப்பை வாசித்தாராம். அப்போதுதான் கதவு திறந்து லெய்ட்னர் மேடம் வெளியே எட்டிப் பார்த்தார். என் பக்கத்தில் கறுப்பு அங்கியை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் பாலாடைக்கட்டி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"போப்பிங்கா சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா? மேல்முறையீடு வேண்டாம்னு எதிர்த் தரப்புக்காக ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்."

அந்த ஒரு வார்த்தையை வக்கீல்தான் சொல்ல வேண்டுமாம். வக்கீல் இல்லாதவருக்கு நடைபாதையில் இருப்பவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கிழவர் ரொட்டியை என் கையில் கொடுத்தார். "பாத்துக்க, பாப்பா." அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் அப்பாவோடு வெளியே வந்தார்.

"உங்க அப்பா என்னோட தனியா பேசணுமாம்" என்றார் என்னிடம், நம்ப முடியாதவர் போல.

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க என் வக்கீலா?"

"இந்த ஒரு நிமிஷத்துக்கு."

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்தான்."

"நீங்க அந்த வார்த்தையைச் சொல்லலைன்னா?"

"ஒண்ணும் குடி முழுகிடாது. ஒரு மாசம் கழிச்சுத் தானா முடிஞ்சிடும்."

"அந்த ஒரு மாசம் நாங்க யாரு?"

போப்பிங்கா மூக்கைச் சொறிந்தார். "சட்டப்படியா? புருஷன் பொண்டாட்டி."

"அப்ப சொல்லாதீங்க."

கதவருகே அம்மா வந்து நின்றிருந்தாள். "ஹாப்போ, ஒரு மாசத்துல என்ன பண்ணப்போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு?"

கடையில் வாடிக்கையாளர் மூக்கில் கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி அம்மா அவரைச் சிறிது நேரம் பார்த்தாள். "சரி. ஒரு மாசம்தானே" என்றாள். உள்ளே போய்க் கோட்டை எடுத்து வந்தாள். எங்களைத் தாண்டிப் படியிறங்கினாள். ஓடித்தான் இறங்கினாள், அப்பாவின் கை நெஞ்சுக்குப் போகவில்லை.

"எத்தனையோ வருஷமா இந்த பெஞ்சுல உக்காந்து ஒரு நிமிஷ வக்கீலா இருக்கேன். ஒரு கட்சிக்காரர்கூட என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல" என்றார் போப்பிங்கா. பிறகு என் கையைப் பார்த்தார். "ஏய், என் ரொட்டி எங்கே?"

ஓரத் துண்டு மட்டும்தான் மிச்சமிருந்தது. பதற்றத்தில் எனக்குப் பசிக்கும்.

"உங்க மக என் கட்டணத்தை முழுங்கிட்டா, சார்!"

அப்பா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தோள்பையைத் திறந்து, வேலைக்கென்று காலையில் தானே கட்டிய ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துத் தன் வக்கீலிடம் கொடுத்தார்.