அடுப்பைப் பார்த்தபடி நடத்திய பள்ளிக்கூடம்

என் பிள்ளைகள் எட்டு மாதம் வீட்டிலேயே படித்தார்கள். ஏதோ கொள்கை வைத்துக்கொண்டு செய்த காரியமில்லை அது. தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு பழைய கட்டடத்தில் அவர்களுடைய இங்கிலீஷ் மீடியம் பள்ளி இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அந்தக் கட்டடம் விழுந்துவிடும் போலிருக்கிறது, காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியை நடத்தியவர்கள் ஒரே வாரத்தில் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். வருடத்தின் நடுவில் வேறு எந்தப் பள்ளியும் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மாட்டுங்காவில் ஒரு பள்ளி மட்டும் வாசல் வரைக்கும் விட்டது. அடுத்த ஜூனில் பெரியவளை ஐந்தாவதிலும் நடுவுள்ளவனை இரண்டாவதிலும் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் ஏப்ரலில் இரண்டு பேரும் வந்து வாசித்துக் காட்ட வேண்டும், தெரியவில்லை என்றால் ஒரு வகுப்பு கீழேதான் என்றார்கள். பெரியவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் காகிதம் சுற்றி வந்த வடையைத் தின்றுவிட்டு அந்தக் காகிதத்தையும் வாசிக்கிறவள். கவலையெல்லாம் பையனைப் பற்றித்தான். ஒன்றாம் வகுப்பில் அவன் உட்கார்ந்ததே இரண்டு மாதம். அவனை விட்டுவிட்டு அவன் வயசுப் பிள்ளைகளெல்லாம் மேலே போய்விடக் கூடாது என்பதுதான் எனக்கு அந்த எட்டு மாதமும் இருந்த ஒரே நினைப்பு.

"நீ பன்னெண்டாங் கிளாஸ் படிச்சவதான, வீட்ல வச்சு சொல்லிக் குடு" என்றார் என் வீட்டுக்காரர். தோல் கார்கானாவில், அதாவது பட்டறையில், பை தைக்கத் தோல் வெட்டுகிறவர் அவர். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதிகாலை ஐந்து மணிக்கு எங்கள் சந்தில் தண்ணீர் வரும். டிரம் நிரம்ப முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் ஏணிப்படியில் உட்கார்ந்து, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய நாளை எழுதுவேன். மூன்று கட்டம் போடுவேன். பத்து வயதுக்காரிக்கு ஒன்று, ஏழு வயதுக்காரனுக்கு ஒன்று, நான்கு வயதுக்காரிக்கு ஒன்று. சின்னவளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது, ஆனால் அவளுக்குக் கட்டம் போடாவிட்டால் மற்ற இரண்டு கட்டத்தையும் அழித்துவிடுவாள். போனில் ஒரு வீடியோவில் ஒரு பெண் தன் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைப்பதைக் காட்டினாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறத்தில் கூடை, சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. அவளுடைய சமையலறை எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

எங்களுடையது மேலே ஒற்றை அறை. கீழே பை தைக்கும் கார்கானா. பத்து மணிக்கு எட்டு தையல் மெஷின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் எங்கள் தரை அதிரும், பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. அதனால் வாசிப்பெல்லாம் பத்துக்கு முன்னால், பார்த்து எழுதுவதெல்லாம் பத்துக்குப் பின்னால் என்று வைத்துக்கொண்டேன். என் திட்டத்தில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

எழுதும்போது நாள் அழகாகத்தான் இருக்கும். எட்டு மணிக்குப் பெரியவள் வாசிப்பாள், பையன் கணக்குப் போடுவான், சின்னவள் வண்ணம் தீட்டுவாள். எட்டு ஐந்துக்குச் சின்னவளுக்கு வயிறு வலிக்கும். சந்துமுனைக் கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, வரிசையில் நின்று, திரும்பி வந்தால் மணி எட்டே முக்கால். அதற்குள் பையனின் ரப்பர் காணாமல் போயிருக்கும். பெரியவள் அதைத் தேடுகிறேன் என்று ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்பில் பருப்பு பொங்கும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எனக்கு வேலையும் இருந்தது.

எதிர் வீட்டு லாத்தா மட்டும் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். முஸ்லிம் வீட்டு அக்காவை எங்கள் ஊர்ப் பக்கம் லாத்தா என்போம், அவரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். நான் மூன்று பேரையும் மாறி மாறித் திட்டுவதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும் புள்ள, பாடிக் கறக்குற மாட்ட பாடிக் கறக்கணும்."

"மூணு மாட்டையும் ஒரே நேரத்துல கறக்கணும் லாத்தா. எனக்கு இருக்கது ரெண்டு கைதான்" என்றேன்.

எனக்கு அப்போதெல்லாம் எப்போதும் அலுப்பாக இருந்தது. தூங்கி எழுந்தாலும் அலுப்பு. திட்டம் எழுதும்போதே, இதில் பாதி நடக்காது என்று தெரிந்துகொண்டே எழுதுவேன். பையனின் கட்டத்தில் தினமும் 'சொல்வதை எழுதுதல்' என்று ஒன்று இருக்கும். நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அவன் பார்க்காமல் எழுத வேண்டும். அதற்கு நான் அவன் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார வேண்டும். சாயங்காலம் அதை அடித்துவிட்டு மறுநாள் தாளில் எழுதுவேன். மறுநாளும் அடிப்பேன். எட்டு மாதத்தில் அது ஒருநாள்கூட நடக்கவில்லை. அதற்குப் பதிலாகப் புத்தகத்தைப் பார்த்து இரண்டு பக்கம் எழுது என்று விட்டுவிடுவேன். அவன் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும். சரி போட்டுவிடுவேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் படிப்பென்றால் சத்தம். பிள்ளை படிக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள், காதில் கேட்க வேண்டும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். வாயை மூடிக்கொண்டு படித்தால் தூங்குகிறாயா என்று முதுகில் ஒன்று விழும். ஆகவே நானும் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் நடத்தினேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தால் கை தன்போக்கில் வெங்காயம் நறுக்கும். சத்தம் நின்றால், "என்னலே, சத்தத்தக் காணும்" என்று திரும்பாமலே கத்துவேன். உடனே சத்தம் வரும்.

தீபாவளி கழிந்ததும் பையனின் வாசிப்பு மடமடவென்று ஏறியது. அவன் புத்தகத்தில் ஓர் ஆடு தபால்காரரின் பையைத் தின்றுவிடும் கதை இருந்தது. அதை அவன் தண்ணீர் மாதிரி வாசிப்பான். ஆடு செருமும் இடத்தில் செருமுவான். சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்புவான். சில நாள் அக்காவின் பாடத்திலிருந்துகூட இரண்டு வரி சொல்வான். எனக்கு மனசு பூரித்துப்போனது. லாத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். "கெட்டிக்காரப் பய, மாஷா அல்லாஹ்" என்று கன்னத்தைக் கிள்ளினார். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பத்து ரூபாய் கொடுத்தார். தமிழில் படித்த எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவன் வாசிக்கும் வேகத்துக்கு எங்கள் கண் ஓடாது. நான் அன்றைக்கு, என் கஷ்டம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் மூன்று பேரையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயதான ஒரு டீச்சர் இருந்தார், தமிழ்க்காரர். பெரியவள் கால் மணி நேரத்தில் எல்லாம் முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஐந்தாவது உறுதி. பிறகு பையனைக் கூப்பிட்டு, அவன் பார்த்திராத ஒரு புத்தகத்தைத் திறந்து கையில் கொடுத்தார். பக்கம் முழுவதும் ஒரு ரயில் படம், கீழே நாலு வரி.

பையன் புத்தகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தான். ஒரு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். ஆடும் தபால்காரரும் வந்தார்கள். ஆடு செருமும் இடத்தில் செருமினான். ரயில் படத்தைப் பார்த்தபடி முழுக் கதையையும் சொல்லிக்கொண்டு போனான்.

டீச்சர் அவனை நிறுத்தவில்லை. ஒரு பக்கம் முடிகிற இடத்தில் அவன் தாளைத் திருப்பியபோது, மெதுவாக ஒரு வார்த்தையின் கீழே விரலை வைத்தார். "இது என்னடா கண்ணா?" என்று கேட்டார். அவன் விரலைப் பார்த்தான். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆட்டுக் கதையைத் தொடர்ந்தான்.

"வீட்ல யார் சொல்லித் தரா?" என்று என்னைக் கேட்டார்.

"நாந்தான் டீச்சர்."

"காதால நன்னா வாங்கிண்டிருக்கான். புத்திசாலிதான். ஆனா ஒரு எழுத்துகூடத் தெரியலையேம்மா. ஒண்ணாவதுலயே சேத்துடலாம். வருத்தப்படாதீங்கோ."

வருத்தப்படவில்லை, எனக்குக் கோபம் வந்தது. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். அங்கே நாலு பேர் நிற்கும்போது அவனை அறைந்துவிட்டேன். எட்டு மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறானே என்று இருந்தது. ஐந்து மணியிலிருந்து ஒற்றை ஆளாகக் கிடந்து மாரடித்ததெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது. அவன் அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்னவள்தான் அழுதாள்.

"அவன அடிக்காதம்மா" என்றாள் பெரியவள். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"என்னத்தட்டி சொல்லிக் குடுத்த?"

"பாடத்த. நீ கீழ தண்ணி புடிக்கயில நான் அவனுக்கு வாசிச்சுக் காட்டுவேன். ரெண்டு வாட்டி கேட்டான்னா அவனுக்கு அப்படியே மனப்பாடமா யாத் ஆயிரும். எந்த எடத்துல பக்கத்தத் திருப்பணும்னும் நாந்தான் சொல்லுவேன்."

"இத ஏன்ட்ட சொல்லதுக்கு என்ன?"

"சொன்னேன்" என்றாள். "தீபாவளி சமயத்துல சொன்னேன். அவனுக்குப் படிக்க வரலம்மான்னேன். சத்தம் வருதுல்லா, பொறவு என்ன, ஒஞ் சோலியப் பாருன்னு சொல்லிட்ட."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் அது என் பேச்சுதான். அந்த வார்த்தைகள் வேறு யாருடையவையாகவும் இருக்க முடியாது.

"சத்தம் நின்னா நீ கத்துவ. அவன் ரொம்பப் பயந்தான்" என்றாள். "சத்தம் வந்தா நீ சும்மா இருந்த. ஒனக்கும் டயர்டா இருந்துச்சுல்லா."

பத்து வயதுப் பிள்ளை என் அலுப்பைப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்றாற்போல் ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறாள். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒருவரும் பார்க்காமல் அழலாம் என்று பார்த்தேன். மடியில் சின்னவள், ஒரு பக்கம் பை, மறுபக்கம் பையன். முகத்தைத் துடைக்கக் கை கிடைக்கவில்லை. பையன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

மறுநாள் காலை நான் தாளில் எதையும் எழுதவில்லை. பெரியவளிடம் சின்னவளைக் கொடுத்து லாத்தா வீட்டுக்கு அனுப்பினேன். எட்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்காமல், பையனுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவனுக்கு அது வழக்கமில்லாமல் இருந்தது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். வேகவேகமாக ஆட்டுக் கதையைத் திறந்து சத்தமாக ஆரம்பித்தான்.

"அது வேண்டாம் ராசா" என்று வேறு பக்கத்தைத் திருப்பினேன். முதல் வார்த்தையின் மேல் அவன் விரலைப் பிடித்து வைத்தேன். "இத மட்டும் பாரு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. எழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி எழுத்தைப் பார்த்தான். நான் காத்திருந்தேன். எனக்கு எழுந்துபோய் அரிசி களைய வேண்டும் என்று கால் துடித்தது, அதை நான் மறைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவன் கேட்டான்.

"மெதுவாப் படிச்சா நீ எந்திரிச்சுப் போயிருவியாம்மா?"

"போக மாட்டேன்" என்றேன்.

அவன் அதை நம்பவில்லை. விரல் எழுத்தின் மேல் இருந்தது. கண் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.